எர்மெலிந்தாவின் கலவை

சிமெண்ட் ஆலை ஊரான கலேராவில் எர்மெலிந்தாவைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் லாரியோடு வந்து லாரியோடு போகிறவனாகத்தான் இருக்க வேண்டும். சிமெண்ட் ஆலையின் லேபில் கட்டி உடைக்கிற வேலை அவளுக்கு. அரைத்த சிமெண்டை மணலோடு குழைத்து, உள்ளங்கையில் அடங்குகிற கட்டிகளாக வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். சிலதை மறுநாளே எடுப்பாள், சிலதை ஒரு வாரம் கழித்து, மிச்சத்தை நாலு வாரம் ஊறவிட்டு. அமுக்கும் மெஷினில் வைத்தால் கட்டி முக்கும், முனகும், கடைசியில் டப்பென்று விடும். எவ்வளவு பாரத்துக்கு விட்டது என்பதுதான் அந்த சிமெண்டின் ஜாதகம்.

ஆள் குள்ளம். தோள் மட்டும் மூட்டை தூக்குகிறவன் தோள். வாய் அதைவிடப் பெரிசு.

கட்டி உடைப்பது சம்பளத்துக்கு. அவளுக்குப் பிடித்த வேலை கிளிங்கர் பார்ப்பது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் உருகுகிற பதத்துக்குச் சுட்டால் உருண்டை உருண்டையாக வந்து விழுமே, அதுதான் கிளிங்கர். அதை அரைத்தால் சிமெண்ட். சூளையிலிருந்து தகர டப்பாவில் சூடாக வரும். ஓர் உருண்டையை எடுத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டு, உள்ளே என்ன நிறம் என்று பார்ப்பாள். கறுத்து, லேசாகப் பச்சை ஓடி, உடைந்த இடம் மினுக்கினால் ஒன்றும் பேசமாட்டாள். நடுவில் பழுப்புத் தட்டியிருந்தால் சூளைக்காரனைக் கூப்பிட போனை எடுத்துவிடுவாள். "நெருப்புக்கு மூச்சு முட்டுதுடா, காத்தத் தொற. பொண்டாட்டி மூஞ்சியப் பாக்குற மாதிரி சூளையப் பாக்காத, கொஞ்சம் கவனிச்சுப் பாரு" என்பாள். உருண்டை கையிலேயே மாவாக உதிர்ந்தால் மெள்ள ஆறிவிட்டது என்று அர்த்தம். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சுண்ணாம்பு வேகாமல் தங்கிவிட்டது. அது பின்னால் சுவருக்குள் ஊதி வெடிப்பு விடும். சூளைக்காரர்கள் அவளைத் திட்டுவார்கள். ஆனால் தங்கள் வீட்டுக்கு சிமெண்ட் எடுக்கும்போது எந்த நாள் சரக்கு நல்லது என்று அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

லேபின் தலைவர் என்ஜினீயர் பர்ரகான் அவளுக்குப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை அவள் தன் பாஷையில் வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொல்வாள்: "கிளிங்கருக்குள்ள நாலு பேர் குடியிருக்கான். ஒருத்தன் அவசரக்காரன், மொத வாரத்துல உள்ள பலமெல்லாம் அவன் குடுக்கறது. இன்னொருத்தன் நிதானம், மாசம் போனப்பறம்தான் வேலைக்கே வருவான், ஆனா வருஷக்கணக்கா செய்வான். மூணாமத்தவன் கோவக்காரன், தண்ணி பட்டதும் கொதிச்சு அங்கேயே இறுகிப்போவான். அவனப் பிடிச்சுக் கட்டத்தான் அரைக்கிறப்ப ஜிப்சம் சேக்கறது. நாலாமத்தவன் கறுப்பன், நிறத்தக் குடுத்துட்டு சும்மா கெடப்பான்."

இவ்வளவு தெரிந்தவளும் தங்கை வீட்டு விஷயத்தில் ஊரோடு சேர்ந்து ஒரு தப்பைச் செய்தாள்.

கலேராவில் மூட்டை சூடாக இருக்க வேண்டும். ஆறின சிமெண்ட், பச்சூக்காக்காரன் மாதிரி வெளியூர்க்காரன் கடையில் வாங்குவது. ஆலை ஊரில் இருந்துகொண்டு ஆறின மூட்டையில் வீடு கட்டினால் சொந்தபந்தம் சிரிக்கும். கிளிங்கர் அரைக்கிற மில்லிலிருந்து இறங்கி, காகிதப் பை கையைச் சுடுகிற நிலையில் கிடைப்பதுதான் மரியாதை. கல்யாணம், ஞானஸ்நானம் மாதிரி, தளம் போடுகிற நாளில் யார் எவ்வளவு சூடான மூட்டை கொண்டுவந்தார்கள் என்று பேச்சு இருக்கும். மற்ற காலத்தில் இதனால் ஒரு கெடுதலும் கிடையாது. அந்த வருஷம் வறட்சி. மில் உள்ளே சூட்டைத் தணிக்கத் தெளிக்கிற தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். எர்மெலிந்தாவுக்கு அது தெரியும். தெரிந்தும், மூட்டை கட்டும் தாச்சோவிடம் போய், "என் தங்கச்சிக்குடா, இருக்கறதுலயே சூடா குடு" என்று கேட்டு வாங்கினாள்.

தங்கை அம்பாரோவின் வீட்டுக்காரன் கிரிசோபோரோ கொத்தனார். ஊரில் பாதி வீட்டுக்குத் தளம் போட்டவன். சொந்த வீடு மட்டும் வருஷக்கணக்காகத் தகரத்துக்கடியில் கிடந்தது. மழை வந்தால் பாத்திரம் பூராவும் தரையில் இருக்கும், சமைக்கப் பாத்திரம் இருக்காது. அம்பாரோ கேட்டுக் கேட்டு, ஒரு வழியாக மே மாதம் தகரத்தைக் கழற்றி, பலகை அடித்து, முட்டுக்கொடுத்து, கம்பியும் கட்டிவிட்டான். மழைக்கு முன்னால் தளம் விழுந்தாக வேண்டும். கழற்றின தகரத்தைக் கோழிக்கூட்டுக்கு என்று ஒருவன் அன்றே தூக்கிக்கொண்டு போய்விட்டான். இனி தளம் சரியாக வராவிட்டால் அம்பாரோவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் மேலே ஆகாசம்தான்.

தளம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்தது. குழியில் ஆட்டுக்கறி விடியற்காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது. கற்றாழைக் கள் பானையில் நுரைத்தது. ஆண்கள் தெருவிலேயே மணலையும் ஜல்லியையும் சிமெண்டையும் மலையாகக் குவித்து, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட்டு, மண்வெட்டியால் புரட்டினார்கள். மற்றவர்கள் தகர வாளியைத் தோளில் வைத்து ஏணி ஏறினார்கள். எர்மெலிந்தா பெண்களோடு அடுப்படியில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் கலவை வாளி நிரம்புவதற்குள் விறைத்துக்கொண்டது. மண்வெட்டி இறங்கவில்லை. தண்ணீர் பற்றவில்லை என்று கிரிசோபோரோ இன்னும் இரண்டு வாளி ஊற்றச் சொன்னான். இளகிற்று. மேலே ஏற்றினார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது விறைத்தபோது ஒருவன் சிரித்துக்கொண்டே, கிரிசோபோரோ கலவைக்கும் கிரிசோபோரோ முதுகுக்கும் ஒரே வியாதி என்றான். அந்தச் சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. என்ன என்று எட்டிப் பார்த்த எர்மெலிந்தா, மாவுக்கையோடு தெருவுக்கு ஓடிவந்து தண்ணீர் வாளியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"ஊத்தாத. ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

கிரிசோபோரோ மண்வெட்டியை ஊன்றி நின்றான். "மதினி, இது லேப் இல்ல. ஆளுக எல்லாம் நிக்கிறாங்க."

"நிக்கட்டும் மாப்ள. இப்ப ஊத்துற தண்ணி பூராவும் பின்னாடி ஓட்டையாத்தான் ஆகும். கட்டி கட்டியா உடைச்சுப் பாத்தவ சொல்றேன்."

அவள் விறைத்த கலவைமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். சூடு இருந்தால் கோபக்காரன் வேலை. ஜிப்சம் அவனைப் பிடிக்கத் தவறிவிட்டது, இந்தக் கலவை குப்பைக்குத்தான். சூடு இல்லையென்றால் விஷயம் வேறு: மில் சூட்டில் ஜிப்சம் தன் ஈரத்தை இழந்து, சிலை வார்க்கிற வெள்ளைச் சாந்து மாதிரி ஆகியிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தச் சாந்துதான் இறுகுகிறது, சிமெண்ட் அல்ல. அப்படியானால் தண்ணீர் விடாமல் அடித்துப் புரட்டினாலே அந்தப் பொய் இறுக்கம் உடைந்து கலவை இளகிவிடும்.

கையில் சூடு தெரிந்தது. ஆனால் மூட்டையே சூடான மூட்டை ஆயிற்றே. இந்தச் சூடு யாருடைய சூடு என்று கைக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கேட்டு வாங்கிவந்த சூடு அவளையே குழப்பியது. தெரு முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. அம்பாரோ வாசலில் கரண்டியோடு நின்றாள்.

எர்மெலிந்தா ஒரு வாளியில் விறைத்த கலவையை அள்ளிப் போட்டு, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கரணையால் குத்த ஆரம்பித்தாள். குத்தினாள், புரட்டினாள், மறுபடி குத்தினாள். கல்லைக் குத்துகிற மாதிரி இருந்தது. யாரோ, கறி வெந்துவிட்டது, இதையும் அதோடு போட்டால் வெந்துவிடும் என்றான். அவள் நிமிரவில்லை. நெற்றி வியர்வை வாளிக்குள் சொட்டாமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டு குத்தினாள். கரணை முதலில் கரகரத்தது, அப்புறம் வழுக்கியது. கலவை சளசளவென்று வாளியின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல்.

வாளியைக் கிரிசோபோரோவின் காலடியில் கவிழ்த்தாள். "இப்பிடித்தான் எல்லாத்தையும் புரட்டணும். விறைச்சதும் விடக் கூடாது, அப்பதான் அடிக்கணும்."

"கையால? இத்தன கலவையும்?"

"கறி திங்க வந்த கைதானே எல்லாம்."

ஆண்கள் அவளைத் திட்டிக்கொண்டே புரட்டினார்கள். இளகின கலவையைப் புரட்டுவது வேலை. விறைத்ததைப் புரட்டுவது தண்டனை. இருவர் இருவராக எதிரெதிரே நின்று, ஒருவன் மண்வெட்டி இறங்கும்போது மற்றவன் எடுத்து, குவியல் தொய்கிறவரை விடவில்லை. அது தொய்ந்த பிறகுதான் வாளி ஏறியது. தண்ணீர் விட்டு மேலே போட்ட முதல் இரண்டு கலவையையும் வாரி இறக்கச் சொன்னாள். அங்கேதான் உண்மையான சண்டை. கிரிசோபோரோ தன் கையால் பரப்பினதைத் தன் ஆட்களே வாரி இறக்குவதை ஏணிக்குக் கீழே நின்று பார்த்தான். துணி துவைக்கிற கல்லுக்குப் போகிற பாதையில் அது கொட்டப்பட்டது. அன்று அவன் கறியும் தின்னவில்லை, கள்ளும் குடிக்கவில்லை.

எர்மெலிந்தா லேபிலிருந்து இரும்பு அச்சுகள் எடுத்துவரச் சொல்லி, பின்னால் மெஷினில் உடைத்துப் பார்க்க, புரட்டின கலவையிலேயே சில உருளைகள் வார்த்துவைத்தாள்.

தளம் இறுகுகிறவரை அம்பாரோ குடும்பம் எர்மெலிந்தாவின் இரண்டு அறைகளில் வந்து அடைந்தது. கிரிசோபோரோவும்தான். அவளுடைய அவரையைத் தின்றான், அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான், அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சின்னப் பையனிடம், உன் பெரியம்மாவிடம் உப்புக் கேள் என்பான். அம்பாரோ தினமும் போய்த் தளத்துக்குத் தண்ணீர் காட்டினாள். வறட்சியில் தண்ணீர் ஏது? ரொட்டிக்காகச் சோளம் வேகவைத்து வடித்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி, தளத்தில் விரித்த கோணிகளின் மேல் ஊற்றினாள். இவள் வீட்டுக் கூரையைக் கடித்துத் தின்னலாம் என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

ஒரு வாரம் ஆனதும் எர்மெலிந்தா ஓர் உருளையை மெஷினில் வைத்தாள். மிகச் சீக்கிரம் விட்டுவிட்டது. வழக்கமாக வருவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவள் மெஷினை அணைத்துவிட்டு, உடைந்த துண்டுகளை மேஜைமேல் அடுக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவளுக்கு முதல் தடவை சந்தேகம் வந்தது. புரட்டிப் புரட்டித் தான்தான் கலவையைக் கெடுத்துவிட்டோமா?

செய்தி எப்படியோ கிரிசோபோரோவுக்குப் போய்விட்டது. தொப்பியைக் கழற்றாமல் லேபுக்கு வந்தான். ஒரு வாரமாகப் பேசாதிருந்தவன் பேசினான்.

"உடைச்சுப் போட்ரலாம் மதினி. பிள்ளைங்க தலைல விழறதுக்கு முன்னாடி நானே உடைச்சுப் போடுறேன். கம்பியாவது மிஞ்சும்."

எர்மெலிந்தா தொட்டியிலிருந்து வேறு கட்டிகளை எடுத்தாள். அதே நாள் சிமெண்டில் லேபுக்குள் ஒழுங்காகக் குழைத்து வார்த்த கட்டிகள். அவளும் தெருக்காரர்களும் தொடாதவை. ஒவ்வொன்றாக உடைத்தாள். அவையும் அதே மாதிரி சீக்கிரம் விட்டன. முந்தின வாரத்துச் சரக்கும் அப்படித்தான். பர்ரகானைக் கூப்பிட்டாள். அவர் கல்குவாரியின் விவரத்தைச் சொன்னார்: அந்த மாதம் குவாரியில் புதிதாக வெட்டத் தொடங்கின பக்கத்திலிருந்து கல் வந்தது, களிமண் அதிகம், சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்பு குறைந்தால் கிளிங்கரில் அவசரக்காரன் குறைவான், நிதானக்காரன் கூடுவான்.

எர்மெலிந்தாவுக்கு மூச்சு வந்தது. "கேட்டீங்களா மாப்ள? இது அடிபட்டு நொண்டல. பொறப்பே மெதுவு. ஒரு வாரத்துல கேட்டா குடுக்காது. விட்டுட்டா வரும்."

கிரிசோபோரோ பர்ரகானைப் பார்த்தான். அவர், சிமெண்டுக்கு நான் உத்தரவாதம் தரலாம், தெருவில் குழைத்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தது உங்கள் மதினி, அவளைத்தான் கேட்க வேண்டும் என்றார். நேர்மையான பேச்சு. ஆனால் அதோடு பாரம் முழுக்க எர்மெலிந்தா தலையில் வந்து இறங்கியது.

காத்திருந்தார்கள். முட்டுக் கட்டைகளை வாடகைக்குக் கொடுத்து, அடுத்த வேலைக்கும் பேசியிருந்தவன் தினமும் வந்து வாசலில் நின்றான். ஜூனில் மழை இறங்கியது. எர்மெலிந்தாவின் இரண்டு அறைக்குள் ஆறு பேர் ஈரத்துணியோடு ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். கிரிசோபோரோ குறட்டையில் சுவர் நடுங்கியது. முட்டுக் கட்டைகளை எடுத்துவிடலாம் என்று ஊரில் யார் யாரோ சொன்னார்கள். மற்ற தளங்களுக்கு அவ்வளவு நாள் யாரும் வைத்ததில்லை. எர்மெலிந்தா அசையவில்லை. மாதம் நிறைந்ததும் அடுத்த உருளையை உடைத்தாள். அது மெஷினின் முள்ளைத் தள்ளிக்கொண்டே போயிற்று, போயிற்று, தளத்துக்கு வேண்டியதைத் தாண்டியும் போயிற்று. உடைந்த சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதைக் கேட்டும் கிரிசோபோரோ இறங்கிவரவில்லை. "அது தொட்டித் தண்ணில மெத்தைல படுத்திருந்த உருளை. மேல கெடக்கறது வெயில்லயும் மழைலயும் கெடக்குது."

"நான் தண்ணி ஊத்தலியா?" என்றாள் அம்பாரோ. அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "ஊரு பூராவும் சோளத் தண்ணி பிச்சையெடுத்து ஊத்தினேன். அது மெத்தை இல்லாம பாயா?"

கலேராவில் ஒரு வழக்கம் உண்டு. தளத்தின் முட்டுக் கட்டைகளைப் பிரிக்கும் நாளில் ஆட்கள் கட்டைகளில் கயிறு கட்டி வெளியிலிருந்து இழுப்பார்கள். கொத்தனார் மட்டும் தளத்துக்கு அடியில், நட்டநடுவில் நிற்பான். தன் வேலையை நம்புகிறவன் அங்கே நிற்க வேண்டும். கிரிசோபோரோ பாதி ஊருக்கு அப்படி நின்றவன். இந்த முறை கயிற்றைக் கையில் எடுத்தவன், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "இது என் கலவை இல்ல. யாரு கலவையோ அவங்கதான் நிக்கணும்."

எர்மெலிந்தா இடுப்பில் கட்டின துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டைக் காட்டுக்குள் குனிந்து குனிந்து நடந்து நடுவில் போய் நின்றாள். "இழுங்க. எனக்கு மத்தியானம் ஷிப்டு இருக்கு" என்றாள்.

நடுக் கட்டையிலிருந்து ஆரம்பித்துச் சுவரைப் பார்க்க ஒவ்வொன்றாக இழுத்தார்கள். கட்டை விழும்போதெல்லாம் தூசி எழுந்து அவளை மறைத்தது. தூசி அடங்கினால் அங்கேயே நிற்பாள். மேலே பலகைக்கும் தளத்துக்கும் நடுவே அவ்வப்போது ஒரு கிரீச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்பாரோ கண்ணை மூடினாள்.

சுவரோரமாக ஒரு கட்டை மட்டும் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கயிறு விண்ணென்று நின்றது. எல்லாருக்கும் ஒரே நினைப்பு. முட்டு இறுகி நிற்கிறது என்றால் தளம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. அதை எடுத்தால் எல்லாம் வரும்.

கிரிசோபோரோ கயிற்றைப் போட்டான். சம்மட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அம்பாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், திரும்பவில்லை. எர்மெலிந்தாவைத் தாண்டிப் போய்க் கட்டையின் காலடியில் உட்கார்ந்து, அதற்கும் சுவருக்கும் நடுவே செருகியிருந்த ஆப்பைத் தடவிப் பார்த்தான். எழுந்து கையை உயர்த்தி, மேலே பலகைக்கும் தளத்துக்கும் நடுவே விரலை விட்டான். விரல் உள்ளே போயிற்று.

"ஆப்பு ஊதியிருக்கு மதினி" என்றான். "அம்பாரோ ஊத்துன தண்ணிதான் கட்டை வழியா இறங்கி மரம் உப்பிக்கிச்சு. தளம் மேலயே நிக்குது. இதத் தொடவே இல்ல."

"அப்ப அடிங்க."

"நீங்க வெளிய போங்க."

"நீங்க போனா நானும் போறேன்."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். கலவை போட்ட நாளுக்கு அப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்ப்பது அப்போதுதான். பிறகு சம்மட்டியை ஓங்கி ஆப்பை அடித்தான். மூன்றாவது அடியில் ஆப்பு பிய்ந்து ஓடியது, கட்டை சாய்ந்தது, பலகைகள் தடதடவென்று இறங்கின. இருவரும் தூசிக்குள் மறைந்தார்கள்.

தூசி அடங்கியபோது இரண்டு பேரும் நரைத்துப்போய் நின்றார்கள். தலைக்கு மேலே சாம்பல் நிறத் தளம் பலகையின் வரியோடு அப்படியே கிடந்தது. கிரிசோபோரோ கையை உயர்த்தி அதைத் தடவிக்கொண்டே சுவர்வரை போனான். ஒரு மூலையில் விறைப்புக் கலவை சரியாக இறங்காமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்திருந்தது. அதை விரலால் சுரண்டிப் பார்த்தான்.

"இது அசிங்கமா இருக்கு" என்றான்.

"பூசிக்கலாம்."

"பூசிக்கலாம்" என்று அவனும் சொன்னான். வெளியே ஆட்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். அம்பாரோ பிள்ளைகளை உள்ளே விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே அழுதாள். கிரிசோபோரோ வாசல்வரை போய்த் திரும்பினான். "வாங்க மதினி. சாப்பாடு ஆறுது."

"நீங்க போங்க மாப்ள. என் கலவைதானே, நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்."